எந்த ஷாஃப்ட், எந்த லெவல், எந்த ஷிஃப்ட்

எங்கள் வீட்டில் யார் எந்தக் கதை சொன்னாலும் மூன்று விவரங்கள் வேண்டும். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், எந்த ஷிஃப்ட். தங்கச் சுரங்கத்தில் இறங்கிய குழி, அதில் எத்தனையாவது ஆழம், எந்த வேளை வேலை: இவை சரியாக இருந்துவிட்டால் மற்ற எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். சுரங்கத்தை மூடியபோது நான் சின்னக் குழந்தை. ஆனாலும் நந்திதுர்க் பக்கம் வரிசை வரிசையாக இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் இன்றைக்கும் பொழுதை ஷிஃப்ட்டால்தான் அளக்கிறார்கள். பால் பொங்கி வழிந்துவிட்டது என்று அம்மா சொன்னால், "எந்த ஷிஃப்ட்ல?" என்பார் அப்பா. நான் பிறந்தது நைட் ஷிஃப்ட்டில். சித்தி வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில், சுரங்கச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால். எதற்காக ஓடினாள் என்பதைப் பற்றிக்கூட எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததில்லை. சங்குக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் சண்டை.

நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிறேன். என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று இரண்டு பத்திகளாக எழுதுவது என் வேலை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிழை என்று பதிய வேண்டும், அதைத்தான் 'பக்' போடுவது என்போம். சேர்ந்த புதிதில் அப்பாவிடம் இதை விளக்கினேன். "வெடி வெச்சப்புறம் மேல பாறை நிக்குதா, வுழுமான்னு கம்பியால தட்டிப் பாப்போமே, அந்த வேலைதானே?" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

அலுவலகத்தில் சனிக்கிழமை மதியங்களில் ஒரு வாசகர் வட்டம் கூடும். பயிற்சிப் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா அதை நடத்துகிறார். ஒருமுறை மாய யதார்த்தம் என்ற எழுத்து வகையைப் பற்றிப் பேசினார். எனக்குப் புரியும் மாதிரி அதுவரை யாரும் அதை விளக்கியதில்லை.

"ஒரு வீட்டுச் சமையலறை வழியா ஆறு ஓடுதுன்னு வெச்சுக்குங்க. வீட்டுக்காரி அலறினா, அது பேய்க்கதை. கடைசியில எல்லாம் கனவுன்னு தெரிஞ்சா, அது வேற. 'அடச்சே, நல்ல கரண்டி, அடிச்சுட்டுப் போயிடுச்சே'ன்னு அவ சலிச்சுக்கிட்டு வேற கரண்டி தேடினா, அதுதான் மாய யதார்த்தம்."

நான் எனக்குத் தெரிந்த மொழியில் குறித்துக்கொண்டேன். ஒன்று, நடக்க முடியாதது நடக்கிறது. இரண்டு, யாரும் பக் போடுவதில்லை. மூன்று, அதைச் சுற்றியிருக்கும் கரண்டி, அடுப்பு, வெயில் எல்லாம் அச்சாக அப்படியே இருக்கின்றன. மூன்றாவதை எழுதியதும் கை தானாக உயர்ந்துவிட்டது.

"ஆறு வந்தது எந்த ஷிஃப்ட்ல?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லீங்க, அது வேணும். காலைல வர்ற ஆறு வேற, சாயங்காலம் வர்ற ஆறு வேற" என்றான். கோயம்புத்தூர்க்காரன், தரவுப் பிரிவில் வேலை. நன்றாகப் படித்தவன். அந்த வகை நாவல்கள் அவன் அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் இருந்தன. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அடுத்த வருடம் வீட்டில் சொன்னேன்.

அம்மா, "இன்னா சாப்பிடுவாரு?" என்று கேட்டாள். அப்பா, "வரச் சொல்லு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நாங்கள் மாதா கோயில் முடிந்து திரும்பியிருந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் லைன் முழுக்க இருந்தது. எதிர் வீட்டு ஆயா ஜன்னலிலிருந்து நகரவேயில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி, ஒக்காருங்க. ட்ரெயின் கூட்டமா?" என்று ஆரம்பித்துச் சம்பளம், சாமி, சாதி எதையும் கேட்காமல் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாப்பிடும்போது அவன் கண் சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கிய எவர்சில்வர் கேரியர் மேல் போனது. மூன்றடுக்கு. கீழடுக்கில் ஒரு சொட்டை. "பழசுங்களா?" என்று கேட்டான். அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காக யாராவது வரமாட்டார்களா என்று காத்திருப்பவர் அவர்.

அந்தக் கதையை நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அப்பா சொன்னபடியே எழுதுகிறேன்.

"எண்பத்தஞ்சாம் லெவல் தம்பி. நம்ம ஷாஃப்ட்டுதான். செகண்ட் ஷிஃப்ட். எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. எறங்கினதுலேர்ந்தே எனக்கு ஜுரம். என் பார்ட்னரு சொல்றான், 'நீ இருந்து இன்னா கிழிக்கப் போற, கேஜ் மேல போவுது, ஏறிக்கோ'ன்றான். சாப்பிட்ட கேரியரு அங்கயே கெடக்குது. ரெண்டு பேரும் அதுலதான் சாப்பிட்டோம். 'கேரியரை நான் கொண்டாந்து குடுக்கறேன், நீ போ'ன்னான். நான் வந்து படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல ஏர் பிளாஸ்ட்டு."

கோயம்புத்தூர்க்காரனுக்கு நான் விளக்கினேன். கேஜ் என்பது ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. ஏர் பிளாஸ்ட் என்றால் அத்தனை ஆழத்தில் பாறை பாரம் தாங்க முடியாமல் திடீரென்று வெடித்துச் சிதறுவது. மேலே வீடுகள் குலுங்கும், அலமாரிப் பாத்திரங்கள் விழும்.

"பாத்திரமெல்லாம் வுழுந்துச்சு" என்று அம்மா தொடர்ந்தாள். இந்தக் கதையின் பிற்பாதி எப்போதும் அவளுடையது. "இவரு ஜுரத்துல எழுந்திருக்கல. ஊரு பூரா ஷாஃப்ட்டாண்ட ஓடுது. நான் எங்க போறது? பொறுக்கி அடுக்கிகினு இருந்தேன். பொழுது சாயுது, ஷிஃப்ட்டு வுடற நேரம், பின் கதவைத் தட்டறாங்க. இவரு பார்ட்னரு, அந்த அண்ணன்தான். மேலெல்லாம் தூசி. கேரியரை நீட்டறாரு. கழுவி இருந்துச்சு. தொட்டா சூடு. 'அண்ணி, கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மி'ன்னாரு. எனக்குக் கோவம். நான் அடுக்கின பாத்திரமே திரும்ப வுழுந்துடுமோன்னு நிக்கறேன், இவருக்கு உப்பு. 'கம்மியா இருந்தா நாளைக்கு நீங்களே வந்து போட்டுக்குங்க'ன்னு சொல்லிட்டேன். சிரிச்சாரு. காபி குடிக்கறீங்களான்னேன். வேணாம் அண்ணி, நேரமாச்சுன்னு போயிட்டாரு."

"மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல அவனை மேல கொண்டாந்தாங்க" என்றார் அப்பா. "ஏர் பிளாஸ்ட்லயே போயிட்டானாம். பாறைக்கு அடியில இருந்தான்."

"அன்னிக்கு உப்பு கம்மிதான்" என்றாள் அம்மா. "நான் அப்புறம் கேரியர் வாயைத் தொட்டு வாயில வெச்சுப் பாத்தேன்."

"கழுவின கேரியர்ல எப்படிமே உப்பு தெரியும்?"

"சட்டியில மீதி இருந்துச்சு இல்ல? அதைச் சொல்றேன்."

கதை எப்போதும் இங்கேதான் முடியும், இந்தச் சட்டிச் சண்டையில். நான் அதை நம்புகிறேனா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேரியரில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை சாப்பாடு கொண்டுபோனேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அவனுக்கு இந்த வகை பிடிக்கும், அதனால் ரசிக்கிறான் என்று நினைத்தேன்.

"மீட்புக் குழுவுல யாராச்சும் கொண்டுவந்து குடுத்திருக்கலாமுங்களே?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். "முகமெல்லாம் தூசி. பொழுது சாயற நேரம். அம்மாவும் அப்பத்தான் கல்யாணமாகி வந்திருக்காங்க, அவரை எத்தனை தடவை பார்த்திருப்பாங்க? அப்பாவுக்கும் ஜுரம். அப்படி இருக்கலாமுங்க."

அம்மா, "அவரு மொகம் எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் கீழே போனது.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "இருக்கலாம் தம்பி."

அந்தக் கதையில் எதற்கும் அப்பா 'இருக்கலாம்' என்று சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்போது எனக்கு இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. முதலாவது, அவன் விளக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது: மீட்புக் குழுவில் எவரும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டதில்லை, உப்பு கம்மி என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது. நான் அந்த 'பக்'கைப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் அந்த விளையாட்டுக்குள் இறங்கியதாகிவிடும். இரண்டாவது, அந்தக் கதையில் அப்பா காப்பாற்றி வைத்திருந்தது பேயை அல்ல. கொண்டாந்து குடுக்கறேன் என்று சொன்னவன் கொண்டுவந்து கொடுத்தான் என்பதைத்தான். மேலே ஏறிப் போ என்று தன்னை அனுப்பியவனின் அந்த ஒரு சொல் பொய்க்கவில்லை என்பதில்தான் அவர் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். வேறு யாரோ கொடுத்தார்கள் என்றால், பார்ட்னர் எண்பத்தைந்தாம் லெவலிலேயே நின்றுவிடுகிறார்.

புறப்படும்போது அம்மா வழக்கம் விடாமல் குழம்பு கட்டிக் கொடுத்தாள். ரயிலில் சிந்தாமல் போக மூடி இறுக்கமான பாத்திரம் வீட்டில் ஒன்றுதான். ஆணியிலிருந்து கேரியரை எடுத்துவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனோடு ஸ்டேஷன் வரை நடந்தேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய தூள் மண் குவிந்த சயனைடு மேட்டின் மேல் வெயில் சாம்பலாக நின்றது.

"நான் தப்பா பேசிட்டேனா?" என்றான்.

"நாவல்ல இது வந்திருந்தா பென்சிலால கோடு போட்டிருப்ப."

"நாவல் வேற."

"என்ன வேற? அதை எழுதினவங்களுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பாரு, சோறு சாப்பிடற நேரத்துல சொல்லியிருப்பாரு. அப்ப பக்கத்துல நீ இல்லாததால அது நாவலாச்சு."

அவன் கோபப்படவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான். "குழந்தைகிட்ட தலையாட்டற மாதிரி உங்க அப்பாகிட்ட தலையாட்ட எனக்குப் பிடிக்கல. அவரைப் பெரிய மனுஷனா நெனைச்சுத்தான் கேட்டேன்."

அதிலும் நியாயம் இருந்தது. நம்புவதாக நடிப்பதும் திருத்துவதும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு, எங்கள் லைனில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எந்த ஷிஃப்ட் என்று கேட்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் அவன் எனக்குப் பிடித்துப்போனான் என்பது நினைவு வந்து, சொல்ல முடியவில்லை.

"கேரியரை ஆபீஸ்ல என்கிட்ட குடுத்துடு" என்று மட்டும் சொன்னேன்.

"வேண்டாம். நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

ரயில் போனபிறகுதான் அவன் சொன்னது என் காதில் முழுதாக விழுந்தது.

அதன்பிறகு வேலை நெருக்கடி. அவன் குழு ஒரு மென்பொருள் வெளியீட்டு வேலையில் மாட்டிக்கொண்டது, பிறகு ஹைதராபாத் போனான். ஞாயிறுகள் போயின. வீட்டில் அவனைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. "நல்ல பையன்தான்" என்றார் அப்பா. கல்யாணத் தேதியைப் பற்றி அம்மா ஆரம்பித்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். சித்தப்பா பிள்ளைகள் வந்திருந்தபோது ஒருத்தி, "பெரியப்பா, கேரியர் கதை சொல்லுங்க" என்றாள். "அது கெடக்குது போ" என்றார். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி காலியாக இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குள் முடிவு செய்தேன். இந்த வீட்டில் ஒரு கதை நின்றுபோவதற்கு நான் கொண்டுவந்த ஆள் காரணம் என்றால், அந்த ஆளோடு நான் வாழ முடியாது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துக்கொள்வார் என்பதால். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அவன் செய்தி அனுப்பியபோது, வா என்று பதில் போட்டேன். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

காலையில் வர வேண்டியவன் வரவில்லை. பங்காரப்பேட்டைக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. பிறகு அவன் கைபேசியும் அணைந்துவிட்டது. சாப்பாட்டை மூடி வைத்தோம். பொழுது சாய்கிற நேரம் ஆனது. ஸ்டேஷனில் ஆட்டோ கிடைக்காமல் சயனைடு மேட்டை ஒட்டிய குறுக்கு வழியில் நடந்திருக்கிறான். அன்றைக்குக் காற்று. அந்தக் காற்றில் அந்த வழியாக வந்தால் யாராக இருந்தாலும் தலை முதல் கால் வரை மாவு பூசின மாதிரிதான் வருவார்கள். எங்கள் வீட்டு முன்பக்கம் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே எதிர் வீட்டு ஆயா அவனைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டியிருக்கிறாள்.

பின் கதவு தட்டும் சத்தம் கேட்டு அம்மா திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். வாசலில் தூசி படிந்த ஒரு ஆள் நின்றான். கையில் கேரியர்.

அம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்கிறவள் போல, மெல்லக் கேட்டாள். "கொழம்பு எப்படி இருந்துச்சு?"

அவனால் பொய் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா எல்லாவற்றிலும் உப்பைக் குறைத்துவிட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

"நல்லா இருந்துச்சுங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி" என்றான்.

சொன்ன அடுத்த நொடியே அவனுக்குப் புரிந்துவிட்டது. தூசிக்குள் கண்கள் பெரிதாகின. கேலி செய்வதாக நினைத்துவிடுவார்களோ என்று என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"யாருமே அது?" என்றார் உள்ளேயிருந்து.

அம்மா கதவை இன்னும் அகலத் திறந்தாள்.

"எந்த ஷிஃப்ட்டு?" என்றார்.

அந்தக் கேள்வி அம்மாவுக்கா, அவனுக்கா என்று தெரியவில்லை. அவன் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ரயில் நின்றது, ஆட்டோ இல்லாதது, கைபேசி அணைந்தது என்று சொல்வதற்கு அவனிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. எல்லாம் உண்மையான காரணங்கள்.

"செகண்ட் ஷிஃப்ட்டுங்க" என்றான். "இப்பத்தான் வுட்டாங்க."

அப்பா சமையலறைக்கு வந்துவிட்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கை நீட்டிக் கேரியரை வாங்கினார். வாங்கியதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு அம்மாவிடம் நீட்டினார். அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் அவ்வளவு தூரம் வந்த எவர்சில்வர் பாத்திரம். நான் அந்த 'பக்'கையும் போடவில்லை.

அம்மா அவனைப் பார்த்துச் சொன்னாள். "கம்மியா இருந்தா நாளைக்கு நீங்களே வந்து போட்டுக்குங்க."

அவன் சிரித்தான். தூசி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

"இன்னாமே வாசல்லயே நிக்க வெச்சுகினு" என்றார் அப்பா. "உள்ள வாங்க மாப்ள. மொகம் கழுவுங்க."

மாப்ள என்று அவர் சொன்னதை நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவன் குழாயடியில் முகம் கழுவும்போது அப்பா ஆணியில் கேரியரை மாட்டினார், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார், எடுத்து நேராக மாட்டினார். ஈர முகத்தோடு உள்ளே வந்தவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் பாதியில கெடுத்துட்டனுங்க" என்றான். "முதல்லேர்ந்து சொல்லுங்க. அந்தக் கேரியர்ல மேலடுக்குல என்ன இருந்துச்சு?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எண்பத்தஞ்சாம் லெவல்" என்று ஆரம்பித்தார். "மேலடுக்குல முட்டை."

"முட்டை இல்ல, அவரைக்காப் பொரியல்" என்றாள் அம்மா.

"முட்டைமே. அவன் ரெண்டு தின்னான், எனக்கு ஒண்ணுதான் வெச்சான்."

"அவரைக்கா. எனக்குத் தெரியாதா, அரிஞ்சது நானு." அவனைப் பார்த்தாள். கையில் டம்ளர் எடுத்திருந்தாள். "காபி குடிக்கறீங்களா?"

கேட்டுவிட்டு நின்றாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"குடிக்கறேங்க" என்றான். "எனக்கு நேரம் இருக்குது."